கார்டுராய் துணியில் அரசன் எங்கே இருக்கிறான்?

நவம்பர் 4

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கார்டுராய் என்ற சொல் 'கோர்த் து ருவா' என்ற பிரெஞ்சுத் தொடரிலிருந்து வந்தது, 'அரசனின் கயிறு' என்று பொருள், பிரெஞ்சு மன்னரின் பணியாட்கள் இந்தத் துணியைத்தான் உடுத்தினார்கள். பல இடங்களில் இப்படித்தான் படித்தேன். துணிக்கடையிலும் இதையே சொன்னார்கள். சரிதானா?"

சரியில்லை. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ஏராளம், ஆதாரம் காட்டியவர் ஒருவரும் இல்லை. பிரெஞ்சு மொழியில் இந்தத் துணிக்கு அப்படியொரு பெயர் இருந்ததாக எந்தப் பழைய ஏடும் சொல்லவில்லை. அவர்கள் இதை 'வெலூர் கோத்லே' என்கிறார்கள். விலா எலும்பு வரிசைபோல வரி விழுந்த வெல்வெட் என்று கொள்ளலாம். அதில் அரசனும் இல்லை, கயிறும் இல்லை.

இது இங்கிலாந்தில் பிறந்த சொல். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அச்சில் தலைகாட்டுகிறது. 1776-இல் வோல்ஸ்டன்ஹோம் என்பவர் பெற்ற ஒரு காப்புரிமையில் இந்த வகைத் துணிகளின் பெயர்கள் ஏறக்குறைய எல்லாமே வரிசையாக வருகின்றன, கார்டுராய் மட்டும் இல்லை. 1790 வாக்கில் பார்த்தால் எல்லோருக்கும் தெரிந்த துணியாகிவிட்டது. ஒரு பட்டியலில் பெயர் இல்லை என்பதால் துணியே இல்லை என்று ஆகிவிடாது. ஆனாலும் மன்னர் அரண்மனையில் பல தலைமுறைகளாகப் புழங்கிய பெயர் என்று சொல்கிறவர்கள் இந்த மௌனத்துக்கு ஒரு பதில் வைத்திருக்க வேண்டும்.

நவம்பர் 4, இரவு

மேலே எழுதியதில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டுத் தூங்க மனம் வரவில்லை. மிலென் என்ற பிரெஞ்சு அறிஞர் தென் பிரான்சுக்குப் போன பயணத்தை 1807-இல் வெளியிட்டார். வழியில் சான்ஸ் என்ற ஊரில் நெய்யப்படும் துணிகளைப் பட்டியலிடும்போது 'கிங்ஸ்-கோர்து' என்று ஒரு துணியைக் குறிக்கிறார். பிரெஞ்சுக்காரர், பிரெஞ்சு ஊர், பிரெஞ்சுப் புத்தகம். பெயரில் மட்டும் ஆங்கில 'கிங்' உட்கார்ந்திருக்கிறார்! பெயர் பாரிஸிலிருந்து லண்டனுக்குப் போயிருந்தால் பிரெஞ்சுக்காரர் எதற்காகத் தன் சொந்த 'ருவா'வை விட்டு அயலாரின் 'கிங்'கைப் பிடித்துக்கொள்கிறார்? பெயர் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவிலுள்ள ஆங்கிலக் கால்வாயைத் தாண்டியது எந்தத் திசையில் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குக் கிடைத்ததில்லை.

நவம்பர் 6

"அப்படியானால் எங்கிருந்துதான் வந்தது?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

முதல் பாதியில் தகராறு இல்லை. 'கார்டு' என்றால் கயிறு, முறுக்கிய நூல். லத்தீன் வழியாகப் போனால் கிரேக்கத்தில் 'கோர்தே' என்ற சொல்லில் முடியும். அதற்கு மூலப்பொருள் குடல். ஆட்டுக்குடலைத் திரித்து இசைக்கருவிக்கு நரம்பு கட்டினார்கள், பிறகு நரம்பு என்பது கயிறு ஆனது. நம்முடைய யாழுக்கும் நரம்புதான் கட்டினார்கள் என்பதால் நமக்கு இது விசித்திரமாகத் தோன்றாது.

பிற்பாதிதான் வம்பு. 'டுராய்' என்ற பெயரில் தனியாக ஒரு துணி இருந்தது. இங்கிலாந்தின் மேற்கில், சாமர்செட் பக்கம், 18-ஆம் நூற்றாண்டில் நெய்த முரட்டுக் கம்பளித் துணி. 'கார்டு' போட்ட 'டுராய்' என்பதே கார்டுராய் என்று ஒரு கட்சி. எதிர்க்கட்சி சொல்வது: டுராய் கம்பளி, கார்டுராய் பருத்தி. டுராய் மேற்கே நெய்தது, கார்டுராய் வடக்கே மான்செஸ்டர் வட்டாரத்துச் சரக்கு. இரண்டுக்கும் பெயரொலி தவிர வேறு உறவில்லை. மூன்றாவதாக, கார்டராய் என்று ஆங்கிலேயரிடையே ஒரு குடும்பப் பெயரே உண்டு, அந்தப் பெயர் கொண்ட யாரோ ஒருவரிடமிருந்து வந்திருக்கலாம் என்பார் சிலர். பெரிய அகராதிகளே இந்த மூன்றுக்கும் நடுவே நின்றுகொண்டிருக்கின்றன.

எனக்கு இன்றைக்கு டுராய்க் கட்சியின்மேல் நம்பிக்கை வரவில்லை. நாளைக்கு எப்படியோ.

நவம்பர் 7

எதிர்பார்த்தது வந்துவிட்டது. "கோடு என்ற தமிழ்ச்சொல்தான் கார்டு ஆனது, ராய் என்பது ராயர். கோடு போட்ட துணி உடுத்திய ராயர். ஆகவே கார்டுராய் தமிழே" என்று ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். இன்னொருவர் அதோடு நிற்காமல், "கோடு துரை" என்பதே மூலம், வெள்ளைக்காரத் துரைகள் கோடு போட்ட கால்சட்டை போட்டதால் வந்தது என்கிறார்.

இரண்டாவதை ரசித்தேன், மறுக்கவில்லை. முதலாவது எழுதியவர் மெய்யாகவே நம்புகிறார் என்பதால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஓசை ஒத்துப்போவது உறவுக்குச் சான்று ஆகாது. சொல் எந்தத் துறைமுகத்தில் கப்பல் ஏறியது, யார் வாயில் போனது, எந்த ஆண்டு எந்த எழுத்தில் அகப்பட்டது என்று காட்ட வேண்டும். சுருட்டு ஷெரூட் ஆனதையும், கட்டுமரம் காட்டமரான் ஆனதையும், மிளகுத்தண்ணி மல்லிகாடானி ஆனதையும் அப்படிக் காட்ட முடிகிறது. கோடு கார்டு ஆனதைக் காட்ட முடியாது. ஆங்கில 'கார்டு'க்கு அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா எல்லோரும் ஏட்டில் இருக்கிறார்கள். நாம் நடுவில் புகுந்து தத்துக் கேட்க வேண்டாம்.

நவம்பர் 9

முந்தாநாள் எழுதிய பிறகு ஒன்று உறைத்தது. ஆங்கிலத் துணிப் பெயர் ஒன்றில் 'கோடு' இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவருக்கு ஏமாற்றமே வேண்டாம். இருக்கிறது, ஆனால் கார்டுராயில் இல்லை, காலிகோவில். காலிகோ என்ற பருத்தித் துணியின் பெயர் காலிகட். காலிகட் என்பது கோழிக்கோடு. அந்தக் 'கோடு' சாட்சாத் நம்முடைய கோடுதான், மலையாளமும் தமிழும் பங்குபோட்டுக்கொள்ளலாம்.

அதைவிடப் பெரிய விஷயம், அந்தக் காலிகோவுக்கும் கார்டுராய்க்கும் தொடர்பு உண்டு. 1600-களின் பிற்பகுதியில் இந்தியாவிலிருந்து போன அச்சிட்ட பருத்தித் துணிக்கு இங்கிலாந்தில் பைத்தியம் பிடித்து அலைந்தார்கள். உள்ளூர்க் கம்பளி, பட்டு நெசவாளர்களுக்கு வயிறு எரிந்தது. 1719-இல் லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டு நெசவாளர்கள் தெருவில் போன பெண்களின் காலிகோ ஆடையைக் கிழித்தெறிந்தார்கள். 1721-இல் சட்டமே வந்தது: அச்சிட்ட காலிகோவை உடுத்தக்கூடாது. ஆனால் சட்டத்தில் ஒரு சந்து. பாவு (நீளவாக்கு நூல்) லினன், ஊடை (குறுக்கு நூல்) பருத்தி என்று கலந்து நெய்த 'ஃபஸ்டியன்' துணி மான்செஸ்டர் வட்டாரமான லங்காஷயரில் பெருகியது. அதில் அச்சிடலாமா கூடாதா என்று தகராறு மூண்டு, 1736-இல் மான்செஸ்டர் சட்டம் என்று ஒன்று போட்டு அனுமதித்தார்கள். 1769-இல் ஆர்க்ரைட்டின் தண்ணீர்ச் சக்தி நூற்பு இயந்திரம் வந்த பிறகுதான் பாவுக்குத் தாங்குகிற உறுதியான பருத்தி நூல் அவர்களுக்குத் தாராளமாகக் கிடைத்தது. 1774-இல் உள்ளூரில் நெய்த முழுப் பருத்தித் துணிக்கும் கதவு திறந்தது.

கார்டுராய் இந்த ஃபஸ்டியன் குடும்பத்துப் பிள்ளை. நம் ஊர்ப் பருத்தியை உள்ளே விடாமல் தடுத்த வேலியின் நிழலில் வளர்ந்த துணி. அதன் பெயரும் அந்தக் கதவு திறந்ததை ஒட்டிய ஆண்டுகளில்தான் வெளியே தெரிகிறது. அரசனைத் தேடி பிரான்சுக்கு ஓடுவதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் பார்த்திருக்கலாம்.

நவம்பர் 10

"நீங்கள் இந்தத் துணியைத் தொட்டாவது பார்த்ததுண்டா?" என்று ஒருவர் சீண்டியிருக்கிறார்.

தொட்டது மட்டுமா, தும்மியும் இருக்கிறேன். சென்னையில் ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தேன். குளிர்நாட்டுக் கம்பெனிகளுக்குக் கார்டுராய் கால்சட்டை தைத்து அனுப்புவோம். சித்திரை வெயிலில், தகரக் கூரையின் கீழ், கார்டுராய். வெட்டும் மேசையில் கத்தி இறங்கும்போது மயிர்த்தூசு பறந்து புருவத்தில் ஒட்டும்.

சாதாரணத் துணியை மேசையில் போகும்போது ஒரு மடி, திரும்பும்போது ஒரு மடி என்று விரிக்கலாம். கார்டுராயை அப்படி விரிக்கக்கூடாது. அதன் மேலே நிற்கும் மயிர் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். கையால் கீழ்நோக்கித் தடவினால் வழுக்கும், மேல்நோக்கித் தடவினால் எதிர்த்து நிற்கும். மயிர் மேல்நோக்கி இருந்தால் நிறம் அடர்த்தியாகத் தெரியும், கீழ்நோக்கி இருந்தால் வெளிறி மினுங்கும். ஆகவே ஒவ்வொரு மடியையும் வெட்டி, மறுபடி மேசையின் அதே முனையிலிருந்து ஒரே திசையில் விரிக்க வேண்டும். நேரமும் போகும், துணியும் கூடுதலாகப் பிடிக்கும். ஒருமுறை யாரோ அவசரத்தில் ஒரு கட்டு முழுவதையும் தலைகீழாக அடுக்கிவிட்டார்கள். தைத்து முடித்துத் தொங்கவிட்ட பிறகு பார்த்தால் இடது கால் காப்பிக்கொட்டை நிறம், வலது கால் பால் ஊற்றிய காப்பி. ஒரே சாயம், ஒரே துணி. கட்டிங் மாஸ்டர் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, வெற்றிலை போட வெளியே போய்விட்டார்.

வாங்குபவர் அனுப்பும் தாளில் '8 வேல்', '14 வேல்' என்று இருக்கும். ஓர் அங்குல அகலத்துக்குள் எத்தனை வரி என்ற கணக்கு. புதிதாகச் சேரும் பையன்கள் முருகனைக் கும்பிடுவார்கள். எண் ஏற ஏற வரி மெலியும். 21 வரை மெல்லிசு உண்டு, சட்டைக்கும் குழந்தை உடுப்புக்கும் ஆகும். எண் இறங்கினால் வரி தடிக்கும், அங்குலத்துக்கு ஒன்றரை வரி என்ற யானைத்தோல் ரகமும் இருக்கிறது. நடுவாந்தரம் 11.

அந்த 'வேல்' பழைய ஆங்கிலத்தில் சாட்டையடி பட்ட தழும்பையும் குறிக்கும். துணிப் பெயரின் ஒரு பாதி குடல், அளவின் பெயர் தழும்பு. இதில் அரசனை எங்கே உட்கார வைப்பது?

நவம்பர் 11

இன்று 11/11. விளையாட்டில்லை, இன்று கார்டுராய் நாள். தேதியை எழுதினால் வரிவரியாக நிற்கிறதல்லவா? நியூயார்க்கில் 2005-இல் கார்டுராய் பாராட்டுச் சங்கம் என்று ஒன்று தொடங்கி இந்தத் தேதியைக் கொண்டாடினார்கள். 2011-இல் 11/11/11 வந்தபோது அவர்களுக்கு அதுதான் கும்பமேளா.

நவம்பர் 13

அந்த வரிகள் எப்படி வருகின்றன, நூலை மடித்துத் தைப்பதா என்று கேட்டவருக்கு: இல்லை, வெட்டுவது.

தறியில் பாவு, ஊடை என்று அடித்தளத் துணி நெய்யும்போதே, கூடுதலாக ஒரு ஊடை நூல் பல பாவு நூல்களைத் தாண்டித் தாண்டி மேலாக மிதந்து போகும்படி விடுவார்கள். தறியிலிருந்து இறங்கும்போது துணியின் நீளவாக்கில் வரிசை வரிசையாகச் சிறு சுரங்கங்கள் இருக்கும். அந்தச் சுரங்கத்தின் கூரையை நடுவில் கீறினால் நூல் இரண்டாகப் பிரிந்து இருபுறமும் மயிராக எழும். துலக்கித் தேய்த்தால் வரி ஆயிற்று.

இப்போது வட்டக்கத்தி வைத்த இயந்திரம் கீறுகிறது. முன்பு கை. செஷயரில் லிம், லங்காஷயர் எல்லையோர ஊர்கள் என்று பல இடங்களில் இதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். லிம்மில் அவர்களுடைய வீடுகள் இன்றும் நிற்கின்றன. கீழே இரண்டு தளம் குடும்பத்துக்கு, மூன்றாவது தளம் முழுவதும் வெட்டும் பட்டறை. பசை தடவி விறைக்க வைத்த துணியை நீண்ட மேசையில் இழுத்துக் கட்டுவார்கள். கத்தி என்றால் நம் கண்ணில் வருகிற கத்தி இல்லை. கோணி ஊசியை இன்னும் நீட்டினாற்போன்ற மெல்லிய கம்பி. நுனியில் ஒரு வழிகாட்டி உறை, அதன்மேல் கூர் விளிம்பு. சுரங்கத்துக்குள் நுனியைச் செருகி, மேசையின் முனைவரை நடந்துகொண்டே தள்ள வேண்டும். திரும்பி வந்து அடுத்த வரி. ஒரு துணியில் நூற்றுக்கணக்கான வரிகள். குழந்தைகளும் செய்தார்கள். கை சற்றே பிசகினால் நுனி அடித்துணியைக் குத்தி ஓட்டை போட்டுவிடும். நாள் முழுவதும் ஒரே பக்கம் சாய்ந்து நடக்கிற வேலை. அதைச் செய்தவர்கள் யாரும் "அரசனின் கயிறு" என்று பெருமைப்பட்டிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

நவம்பர் 15

பிரான்சை முழுக்க ஒதுக்கிவிடுவதும் நியாயமில்லை. ஜான் ஹோல்கரைச் சொல்ல வேண்டும்.

ஹோல்கர் மான்செஸ்டர் துணித்தொழில் தெரிந்தவர். 1745 கிளர்ச்சியில், பிரிட்டிஷ் அரியணைக்கு உரிமை கோரிய ஸ்டுவர்ட் இளவரசர் பக்கம் சேர்ந்து, பிடிபட்டு, லண்டன் நியூகேட் சிறையில் போட்டார்கள். 1746-இல் தப்பி பிரான்சுக்குப் போனார். பிரெஞ்சு அரசாங்கம் விடுமா? மான்செஸ்டரின் பருத்தி வெல்வெட் ரகசியம் கையில் கிடைத்த மாதிரி. 1752-இல் ருவான் நகரத்தை ஒட்டிய சான்-சவெரில் அரச உற்பத்திச்சாலை என்ற பட்டத்தோடு பருத்தி வெல்வெட் தொழிற்சாலை. இங்கிலாந்திலிருந்து கைவேலை தெரிந்தவர்களைக் கள்ளத்தனமாக வரவழைத்தார். 1755-இல் அவரையே உற்பத்திச்சாலைகளின் தலைமை ஆய்வாளர்களில் ஒருவராக ஆக்கினார்கள். இங்கிலாந்துத் துணிகளின் மாதிரித் துண்டுகளை ஒட்டி அவர் கொடுத்த ஏடு பாரிஸில் இன்றும் பாதுகாப்பாக இருக்கிறது.

ஆக, பருத்தி வெல்வெட்டுக்கும் பிரெஞ்சு அரசனுக்கும் ஒரு கட்டத்தில் முத்திரையளவில் உறவு இருந்தது உண்மை. அந்த அரச முத்திரையைப் பார்த்து லண்டன் வியாபாரி யாராவது பெயர் வைத்திருப்பாரோ என்று மனம் ஓடுகிறது. ஓடட்டும். அதற்குமேல் அதை நான் இழுக்க மாட்டேன். இழுத்தால் கோடு-ராயர் எழுதியவருக்கும் எனக்கும் வேறுபாடு இருக்காது. ஹோல்கர் கதையில் உறுதியாகத் தெரிவது ஒன்று: அந்தத் தொழில்நுட்பமும் கால்வாயைத் தாண்டியது இங்கிலாந்திலிருந்து பிரான்சுக்குத்தான்.

நவம்பர் 18

மற்ற மொழிக்காரர்கள் இந்தத் துணியைப் பார்த்தபோது அவர்கள் கண்ணில் என்ன பட்டது என்று பாருங்கள், அலுக்காது.

ஃபின்லாந்துக்காரர்: 'வகோசமெத்தி', உழவுசால் வெல்வெட். சீனர்: விளக்குத்திரி வெல்வெட். டென்மார்க்கில் தடித்த ரகத்துக்கு ரயில்பாதை வெல்வெட். இத்தாலியர் பிரெஞ்சுக்காரரைப் போலவே விலா எலும்பைப் பார்த்தார்கள். ஜெர்மானியரும் ஸ்வீடன்காரரும் நேராக 'மான்செஸ்டர்' என்றே அழைத்தார்கள். ஸ்வீடனில் இன்றும் மான்செஸ்டர் கால்சட்டை என்றால் இதுதான். ஜப்பானியர் ஆங்கிலக் 'கார்டை'யும் தங்கள் வெல்வெட் சொல்லின் முதல் எழுத்தையும் ஒட்டவைத்து 'கோருதென்' என்றார்கள். ரஷ்யாவில் 'வெல்வெத்' என்று கேட்டால் கார்டுராய் எடுத்துப்போடுவார்கள், வெல்வெட் வேண்டுமென்றால் வேறு சொல் சொல்ல வேண்டும்.

உழவன் சால் பார்க்கிறான், விளக்கேற்றுகிறவன் திரி பார்க்கிறான், ஊர் தெரிந்தவன் ஊரைச் சொல்கிறான். பிரெஞ்சுக்காரர் உட்பட ஒருவர் கண்ணிலும் அரசன் படவில்லை. ஆங்கிலேயர் கண்ணுக்கு மட்டும் தெரிகிறான். அதனால்தான் இது கடைக்காரர் கைவரிசை என்று நினைக்கிறேன். அந்தக் காலத்து லண்டனில் பிரெஞ்சுப் பெயர் என்றால் விலை ஏறும். வரித்துணி என்று சொல்லி விற்பதைவிட 'து ருவா' என்று இழுத்துச் சொல்லி விற்பதில் கூடுதலாக ஓரிரு பென்னி பார்த்திருப்பார்கள்.

ஆங்கிலேயருக்கு இது பழக்கமும்கூட. மாட்டின் இடுப்பிறைச்சிக்கு 'சர்லாய்ன்' என்று பெயர். 'இடுப்புக்கு மேலே' என்ற பொருளுள்ள பழைய பிரெஞ்சுச் சொல், அவ்வளவுதான். ஆனால் ஏதோ ஓர் அரசன் விருந்தில் சுவைத்து மகிழ்ந்து அந்தத் துண்டுக்கே 'சர்' பட்டம் கொடுத்தான் என்று கதை. எட்டாம் ஹென்றி என்பார் ஒருவர், முதலாம் ஜேம்ஸ் என்பார் இன்னொருவர், இரண்டாம் சார்லஸ் என்பார் வேறொருவர். மூன்று அரசர்களுக்கும் ஒரே இறைச்சி.

நவம்பர் 19

"அரசன் உடுத்தவில்லை என்றால் யார் உடுத்தினார்கள்?"

வேலைக்காரர்கள். ரயில்பாதைக்கு மண் வெட்டியவர்கள், கால்வாய் தோண்டியவர்கள், வண்டிக்காரர்கள், தோட்டக்காரர்கள். கிழியாது, அழுக்குத் தெரியாது, கம்பளியைவிட மலிவு. மேட்டுக்குடிக்காரர்கள் உயர்ரகக் கம்பளி. 1845-இல் ஏங்கெல்ஸ் மான்செஸ்டரைப் பற்றி எழுதும்போது ஃபஸ்டியன் என்பதே தொழிலாளியின் அடையாள உடை, அவர்களை 'ஃபஸ்டியன் சட்டைகள்' என்றே அழைக்கிறார்கள், அவர்களும் அப்படியே சொல்லிக்கொள்கிறார்கள் என்று பதிவுசெய்கிறார். அதற்கு முன்பே, 1841-இல், தொழிலாளர்களுக்கு வாக்குரிமை கேட்ட சாசன இயக்கத்தின் தலைவர் ஃபியர்கஸ் ஓ'கானர் யார்க் சிறையிலிருந்து வெளியே வந்தபோது வேண்டுமென்றே ஃபஸ்டியன் உடையில் வந்தார். நம் ஊரில் தலைவர் கதர் போட்டுக்கொண்டு வெளியே வந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1870-இல் யார்க்ஷயரின் ஹெப்டன் பிரிட்ஜில் தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கம் வைத்து ஃபஸ்டியன் தயாரிக்கத் தொடங்கினார்கள். அந்த ஊருக்குக் 'கால்சட்டை ஊர்' என்றே பட்டப்பெயர்.

நவம்பர் 20

ஃபஸ்டியன் என்ற சொல் எங்கிருந்து என்று கேட்பீர்கள் என்று தெரியும். கெய்ரோவின் பழைய பகுதியான ஃபுஸ்தாத் என்பார்கள் சிலர். மரக்கழியைக் குறிக்கும் லத்தீன் சொல் என்பார்கள் வேறு சிலர். பருத்தியை 'மரத்தில் காய்க்கும் கம்பளி' என்று கிரேக்கர்கள் சொன்னதன் மொழிபெயர்ப்பாம். தீர்ப்பு வரவில்லை.

எனக்குப் பிடித்தது வேறு. ஆங்கிலத்தில் ஃபஸ்டியன் என்றால் வெற்று ஆடம்பரப் பேச்சு என்றும் பொருள் உண்டு. 'பாம்பாஸ்ட்' என்ற சொல்லும் அப்படியே: முதலில் சட்டைக்குள் திணிக்கும் பஞ்சு, பிறகு உப்பிய பேச்சு. அந்த அர்த்தத்தில் கார்டுராய்க்கு அரசனைக் கட்டிவிட்ட கதை அசல் ஃபஸ்டியன்.

நவம்பர் 24

கார்டுராய் சாலை பற்றிக் கேட்டவர், துணியிலிருந்து சாலைக்கா, சாலையிலிருந்து துணிக்கா என்கிறார். துணிதான் முந்தி. வட அமெரிக்காவின் சதுப்பு நிலத்தில் மரத்தடிகளைக் குறுக்கே வரிசையாகப் போட்டு வண்டி ஓட்டினார்கள். பார்க்க அந்தத் துணிபோல் இருந்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது. 1842-இல் அமெரிக்காவைச் சுற்றிய டிக்கன்ஸ் ஒஹையோவில் இதில் கோச்சு வண்டியில் போய் உடம்பெல்லாம் நொந்து எழுதியிருக்கிறார். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1865-இல், வடதரப்புத் தளபதி ஷெர்மனின் படை கரோலைனா சதுப்புகளைக் கடந்தது இப்படித்தான்: வேலிக் கட்டைகளைப் பிடுங்கியும் மரங்களை வெட்டியும் மைல் மைலாகப் போட்டுக்கொண்டே போனார்கள். அப்போது கார்டுராய் வினைச்சொல்லே ஆகிவிட்டது, "இந்தச் சாலையைக் கார்டுராய் செய்" என்று கட்டளை.

கரையை நோக்கி வரிசையாக வரும் அலைகளை அலைச்சறுக்குக்காரர்கள் கார்டுராய் என்கிறார்கள். பனிச்சறுக்குத் திடலை இயந்திரம் வாரிவிட்டுப் போன தடத்துக்கும் அதே பெயர். அங்கேயும் அரசனைக் காணோம், வரி மட்டும் இருக்கிறது.

நவம்பர் 27

டுராய்க் கட்சிக்குத் திரும்புகிறேன். 6-ஆம் தேதி அவர்களைக் கொஞ்சம் அலட்சியமாகத் தள்ளினேன். கம்பளியின் பெயர் பருத்திக்கு எப்படி வரும் என்பது நான் நினைத்த அளவுக்குப் பலமான கேள்வி இல்லை. துணிப் பெயர்கள் இழை விட்டு இழை தாவுவது அன்றாடம் நடக்கிறது. வெல்வெட் பட்டில் தொடங்கிப் பருத்திக்கு வந்தது. ஜெனோவா ஊரின் பெயரைச் சுமந்த 'ஜீன்' முதலில் ஃபஸ்டியன் ரகம். இன்று அந்தப் பெயர் டெனிம் கால்சட்டையின்மேல் உட்கார்ந்திருக்கிறது. டுராய் என்ற பெயர் கடைக்காரர் காதில் ஏற்கெனவே இருந்தது. கார்டு போட்ட புதுத் துணி வந்ததும் அந்த வாலை ஒட்டவைத்திருக்கலாம். ஒட்டியதும் 'து ருவா' என்று கேட்கிறதே என்று யாருக்கோ மின்னல் அடித்திருக்கலாம். அப்படியானால் இரண்டு கட்சியும் சண்டை போடவே வேண்டாம்: சொல் டுராயிலிருந்து, கதை அரசனிடமிருந்து. இன்றைக்கு என் ஓட்டு இதற்கு. ஓட்டுத்தான், தீர்ப்பில்லை.

புரியாத பெயரைத் தெரிந்த சொல்லாகக் கேட்டுக்கொள்வதற்கு சென்னையிலேயே, அதுவும் நெசவாளர் ஊரிலேயே, உதாரணம் இருக்கிறது. திருவொற்றியூரை ஒட்டிய காலடிப்பேட்டை. யாருடைய காலடி என்று கேட்டால் உடனே ஒரு சாமி கதை கிடைக்கும். உண்மையில் அது காலெட் பேட்டை. 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட், கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி நெய்ய நெசவாளர்களைக் குடியேற்றிய இடம். காலெட் யாரென்று மறந்தது, காலடி நின்றது. லண்டனில் பட்டு நெசவாளர்கள் காலிகோவைக் கிழித்த அதே காலத்தில் இங்கே அதே கம்பெனி நெசவாளர்களுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தது.

டிசம்பர் 2

சொல்லாராய்ச்சி போதும் என்று ஒருவர் கேட்ட கேள்வி: கார்டுராய் பேண்ட்டை இஸ்திரி போட்டதும் முழங்காலில் பளபளவென்று வழுக்கைத் திட்டு விழுந்துவிட்டது, என்ன செய்வது?

மேல்பக்கம் பெட்டியை வைத்து அழுத்தியிருக்கிறீர்கள். மயிர் படுத்துவிட்டது. உள்பக்கத்தை வெளியே திருப்பி, கீழே ஒரு டர்க்கி டவலை விரித்து, அதன்மேல் மயிர்ப்பக்கம் படும்படி போட்டு, நீராவியை மட்டும் காட்டுங்கள், அழுத்தாதீர்கள். ஈரம் இருக்கும்போதே மென்மையான பிரஷால் மயிரின் எதிர்த்திசையில் வாரிவிடுங்கள். கருகவில்லை என்றால் பெரும்பாலும் எழுந்துவிடும். கருகியிருந்தால் எழாது. துவைக்கும்போதும் உள்பக்கம் வெளியே. சென்னையில் போடத்தான் வாங்குகிறீர்கள் என்றால் 8 வேல் ரகத்தைத் தொடாதீர்கள். 16-க்கு மேலே பாருங்கள், அதையும் மார்கழியில் போடுங்கள்.